வீட்டுக்கு ஒரு எலுமிச்சை: எந்த ரகம், எந்தக் கன்று?

"நல்ல எலுமிச்சைக் கன்னு ஒண்ணு குடுங்க" என்று நர்சரியில் கேட்டால், அன்றைக்கு அங்கே எது இருக்கிறதோ அதைத்தான் கொடுப்பார்கள். கத்தரிச் செடி சரியில்லை என்றால் மூணு மாசத்தில் பிடுங்கிவிட்டு வேறு நடலாம். எலுமிச்சை அப்படியில்லை. விதைக் கன்று காய்ப்புக்கு வர நாலைந்து வருஷம் ஆகும். தப்பான கன்று என்று தெரியவரும்போது அந்த வருஷங்கள் போயிருக்கும், வீட்டில் இருந்த ஒரே இடமும் போயிருக்கும்.

அதனால் "எது நல்ல ரகம்?" என்று கடையில் கேட்பதற்கு முன்னால், வீட்டிலேயே நாலு கேள்விக்குப் பதில் சொல்லிக்கொள்ளுங்கள்.

1. நம்ம ஊர் சமவெளியா, மலையா?

கடையில் கமலா ஆரஞ்சு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, அதையே வீட்டில் வளர்க்க ஆசைப்படுவோர் நிறைய. ஆனால் கமலா மலைப் பயிர். கடல் மட்டத்திலிருந்து சுமார் 500 முதல் 1,500 மீட்டர் உயரம் அதற்குப் பொருத்தம். கொடைக்கானல் கீழ்மலை, சிறுமலை, ஏற்காடு பக்கம் வீடு இருந்தால் தாராளமாக நடுங்கள். சென்னையிலோ மதுரையிலோ நட்டால் செடி வளரலாம், ஆனால் அந்த ருசியையும் நிறத்தையும் எதிர்பார்க்க முடியாது.

சமவெளிக்கு எலுமிச்சை, சாத்துக்குடி, நார்த்தை மூன்றும் ஏற்றவை. தென்காசி மாவட்டத்தில் நல்ல வெயில் அடிக்கும் புளியங்குடி, எலுமிச்சைக்கே பேர் போன ஊர். சாத்துக்குடிக்கும் வெயிலும் வறண்ட காற்றும் பிடிக்கும். ஒரு விஷயம்: நம்ம ஊர்ச் சாத்துக்குடி பழுத்தாலும் தோல் பச்சையாகவே இருக்கலாம். இரவில் குளிர் இருந்தால்தான் மஞ்சள் நிறம் நன்றாக ஏறும். "பழுக்கவே மாட்டேங்குது" என்று மரத்தைக் குறை சொல்ல வேண்டாம்.

2. தரையா, தொட்டியா?

எலுமிச்சைத் தோட்டத்தில் மரத்துக்கு மரம் 5 முதல் 6 மீட்டர் இடைவெளி விடுவார்கள். வீட்டில் ஒரே மரம்தான் என்றாலும் சுவரிலிருந்து குறைந்தது 8 அடி தள்ளி நடுங்கள். நாளுக்கு ஆறு மணி நேரமாவது நேரடி வெயில் விழ வேண்டும். சாத்துக்குடிக்கு இன்னும் கொஞ்சம் கூடுதல் இடம் வேண்டும். பம்பளிமாஸ் பெரிய மரமாகிவிடும், சின்ன மனைக்கு அது சரிவராது. நார்த்தை முள்ளும் கிளையுமாகப் படரும். ஆனால் வருஷா வருஷம் உப்பு நார்த்தங்காய் போடும் குடும்பத்துக்கு அதைவிட நல்ல மரம் இல்லை.

மொட்டை மாடி மட்டும்தான் இருக்கிறதா? அப்படியானால் விதையில்லா எலுமிச்சையைப் பாருங்கள். முள் குறைவு, தொட்டியிலும் நன்றாக வரும். ஒன்றரை அடிக்குக் குறையாத அகலமும் ஆழமும் உள்ள தொட்டி அல்லது டிரம், அடியில் தண்ணீர் வடிய ஓட்டை, இவை இரண்டும் அவசியம்.

3. தண்ணீர் எப்படி?

எலுமிச்சைக் குடும்பத்துக்கு இரண்டு விஷயம் ஆகாது. ஒன்று உப்புத் தண்ணீர், இன்னொன்று தேங்கும் தண்ணீர். துணி துவைக்கும் கல் பக்கத்தில் ஈரம் இருக்கிறதே என்று அங்கே நடுவது நம் வழக்கம். சோப்புத் தண்ணீர் அங்கேயே தேங்கினால் வேர் கெடும். கடலோர ஊர்களில் போர் தண்ணீர் உப்பாக இருந்தால் இலை ஓரம் கருகும். மழைநீரைப் பிடித்து வைத்து ஊற்ற முடியுமா என்று யோசித்துவிட்டு நடுங்கள்.

தரையில் நடுவதென்றால் இரண்டரை அடி நீள, அகல, ஆழத்தில் குழி எடுத்து, மேல்மண்ணோடு மக்கிய தொழு உரம் கலந்து நிரப்புங்கள். பாத்தியில் விடும் தண்ணீர் தண்டைத் தொடாதபடி, தண்டைச் சுற்றி மண் அணைத்துவிடுங்கள். தண்டு நனைந்துகொண்டே இருந்தால் அழுகல் வந்து பிசின் வடியும்.

4. கன்று எப்படி உருவானது?

இதைத்தான் பலர் கேட்க மறந்துவிடுகிறார்கள். நாட்டு எலுமிச்சை விதையிலிருந்து வரும் கன்று பெரும்பாலும் தாய் மரம் மாதிரியே இருக்கும். எனவே விதைக் கன்று தப்பில்லை. காய்க்க நாளாகும், முள் அதிகம், அவ்வளவுதான். விண்பதியக் கன்றும் ஒட்டுக் கன்றும் அதைவிட முன்னதாகவே காய்க்கும்.

விதையில்லா எலுமிச்சைக்கு விதையே கிடையாது. ஆகவே அது பதியம், குச்சி அல்லது ஒட்டு வழியாகத்தான் உருவாகும். "விதையில்லா எலுமிச்சை, விதை போட்டு வளர்த்த கன்று" என்று யாராவது சொன்னால் அங்கே வாங்காதீர்கள். சாத்துக்குடியை ஒட்டுக் கன்றாகவே வாங்குங்கள். ஒட்டுக்குக் கீழே கிளம்பும் துளிரை அவ்வப்போது கிள்ளிவிட வேண்டும். விட்டுவிட்டால் சாத்துக்குடி அமுங்கி, அடியில் உள்ள வேறு செடி மரமாகிவிடும்.

எந்த ரகம் கேட்கலாம்?

இந்த நாலும் முடிவானால் ரகத்தின் பெயர் சொல்லிக் கேட்பது எளிது.

பி.கே.எம். 1: பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியிலிருந்து வெளிவந்த எலுமிச்சை. உருண்டையான, நல்ல அளவுள்ள பழம், சாறு அதிகம். நம் சமவெளி வீடுகளுக்கு முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்.

விக்ரம்: மகாராஷ்டிராவின் பர்பானியில் உருவானது. கொத்தாகக் காய்க்கும், பருவம் தவறியும் காய் கிடைக்கும். கோடையில் ஒரு பழம் விலை ஏறும்போது அருமை தெரியும்.

பிரமாலினி: இதுவும் பர்பானி ரகம், கொத்தாகக் காய்ப்பது.

பாலாஜி: திருப்பதியில் வெளியிடப்பட்டது. சொறி நோயைத் தாங்கும். மழை அதிகமுள்ள இடங்களில் இலையிலும் காயிலும் சொரசொரப்பான பழுப்புப் புள்ளி வருமே, அந்த நோய்தான். உங்கள் தெருவில் அது இருந்தால் இந்த ரகத்தைத் தேடுங்கள்.

வாங்கும்போது

வைரஸ் நோயும், மரத்தை மஞ்சளாக்கி மெல்லக் கொல்லும் பசுமை நோயும் நோயுற்ற கன்று வழியாக வீட்டுக்குள் வரலாம். வந்த பிறகு மருந்து கிடையாது. ஆகையால் வண்டியில் கொண்டுவரும் பேர் தெரியாத கன்று, விலை மலிவாக இருந்தாலும் வேண்டாம். தோட்டக்கலைத் துறையின் அரசுப் பண்ணைகளிலும், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக நிலையங்களிலும் கன்று இருப்பு உண்டா என்று முதலில் விசாரியுங்கள். எங்கே வாங்கினாலும் ரகத்தின் பெயர் எழுதிய ரசீது கேளுங்கள். அதையும் கன்றையும் போனில் படம் எடுத்து, நட்ட தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள்.

'உழவன்' செயலியில் உங்கள் பகுதி அலுவலர் வருகை விவரம் கிடைக்கும். சந்தேகம் இருந்தால் கிசான் கால் சென்டரின் கட்டணமில்லா எண் 1800-180-1551. காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை தமிழிலேயே பேசலாம்.

நட்டு சில வாரத்தில் இளம் இலையில் பறவை எச்சம் மாதிரி ஏதாவது ஒட்டியிருந்தால் உற்றுப் பாருங்கள். அது எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழு. சின்னக் கன்றை மொட்டையடித்துவிடும். மருந்து வேண்டாம், கையால் எடுத்துப் போட்டாலே போதும்.