“வயசாயிடுச்சு” என்று சொல்வதை முதலில் நிறுத்துங்கள்!

“வயசாயிடுச்சுங்க டாக்டர்... இனிமே எனக்கு என்ன இருக்கு?”

ஆரணியில் என் வைத்தியசாலைக்கு வருகிறவர்களிடம் நான் அடிக்கடி கேட்கிற பேச்சு இது. எழுபதைத் தாண்டியவர் சொன்னால்கூட மன்னித்து விடலாம். 48 வயசில் முழங்கால் வலி என்று வருகிற அம்மாவும் இதையேதான் சொல்கிறார். வாய் சொல்லச் சொல்ல உடம்பும் அதை நம்ப ஆரம்பித்து விடுகிறது என்பதுதான் சங்கடம்.

ஒரு நெசவாளியின் கதையைச் சொல்கிறேன். இதில் என் தப்பும் இருக்கிறது. அதனால்தான் சொல்கிறேன்.

அவருக்கு அப்போது வயது 66. பதினாலு வயசில் தறியில் உட்கார்ந்தவர். பட்டுத்தறி பார்த்திருக்கிறீர்களா? குழிக்குள் கால் இரண்டும் மாறி மாறி மிதித்துக்கொண்டே இருக்கும். ஒரு கை நாடா ஓட்டும், ஒரு கை பலகையை அடிக்கும், கண் மட்டும் ஜரிகைக் கரையை விட்டு நகராது. ஐம்பது வருஷம் இப்படி ஓடிய உடம்பு அது. மகன் வேலைக்கென்று பெங்களூர் போய்விட்டார். இவருக்கும் இழை சரியாகத் தெரியவில்லை. “போதும்ப்பா, உட்காருங்க” என்று பிள்ளை சொல்ல, தறியை விட்டு இறங்கிவிட்டார். காலையில் திண்ணை, மதியம் தூக்கம், மாலையில் டி.வி. எட்டே மாதம்தான். சுவரைப் பிடிக்காமல் எழுந்திருக்க முடியவில்லை. ராத்திரித் தூக்கம் போயிற்று. “எங்க வீட்டுக்காரர் பேசறதே கம்மியாயிடுச்சுங்க” என்று அந்த அம்மா கண் கலங்கினார்.

நான் நாடி பார்த்தேன். வாத கேசரித் தைலம் தேய்க்கச் சொன்னேன். அமுக்கராச் சூரணம் பாலில் கலந்து சாப்பிடச் சொன்னேன். கூடவே, “வயசுக்கு இதெல்லாம் சகஜம்மா” என்றும் சொல்லி அனுப்பினேன். நான் செய்த தப்பு அந்தக் கடைசி வார்த்தைதான். இரண்டு மாதம் கழித்து இன்னும் தளர்ந்துபோய் வந்தார். அப்போதுதான் உறைத்தது. ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினேன். ரத்தசோகை இருந்தது. கண்ணைப் பார்க்கச் சொன்னேன். இரண்டு கண்ணிலும் புரை! இழை தெரியாமல் போனதற்குக் காரணம் வயசு என்று வீடே முடிவு கட்டியிருந்தது, வைத்தியனான நானும் சேர்ந்துகொண்டேன். அறுவை செய்தால் சரியாகிற கோளாறு அது.

மூப்பு வேறு, நோய் வேறு

தயவுசெய்து இதை மனதில் வையுங்கள். மூச்சு வாங்குகிறதா, மறதி கூடுகிறதா, காது மந்தமா, சிறுநீர் அடக்க முடியவில்லையா, எதிலும் நாட்டமில்லாமல் முடங்கிக் கிடக்கிறாரா... இவற்றை “வயசு” என்று ஒதுக்கினால், தீர்க்கக்கூடிய நோயையும் சேர்த்து ஒதுக்கி விடுகிறோம். தைராய்டு குறைவு, ரத்தசோகை, சர்க்கரை, மனச்சோர்வு எல்லாமே வயசு என்கிற போர்வையைப் போர்த்திக்கொண்டு வரும்.

பாளையங்கோட்டையில் நான் படித்த காலத்தில் எங்களுக்குச் சொல்லித் தந்த பாடம் ஒன்று உண்டு. மனித ஆயுளை நூறாக வைத்து, முதல் பங்கு வாதம், நடுப்பங்கு பித்தம், கடைசிப் பங்கு ஐயம் என்று சித்த மருத்துவம் பிரிக்கிறது. ஐயம் என்றால் கபம். குளிர்ச்சி, கனம், மந்தம் இதன் குணங்கள். கடைசிப் பங்கில் உடம்பு உட்காரவே ஆசைப்படும். சுகமாகத்தான் இருக்கும். ஆனால் ஐயத்துக்கு எதிர் மருந்து வெதுவெதுப்பும் அசைவும்தான். பெற்றவர்களை உட்கார வைத்து, எல்லாவற்றையும் கையில் கொண்டு போய்க் கொடுப்பதைப் பாசம் என்று நினைக்கிறோம். அது மந்தத்துக்குத் தீனி போடுகிற வேலை.

இதை மேலைநாட்டு ஆராய்ச்சியும் அளந்து காட்டியிருக்கிறது. 2007-ல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு. சராசரியாக 67 வயதுள்ள, நோய் எதுவும் இல்லாத சிலரைப் பத்து நாள் படுக்கையிலேயே இருக்க வைத்தார்கள். கால்களிலிருந்து மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை கரைந்துவிட்டது! பத்தே நாளில்! அதற்கு முன்பே 1990-ல் பாஸ்டனில் வேறொரு ஆய்வு நடந்தது. முதியோர் இல்லத்தில் இருந்த, சராசரி வயது 90 ஆன பத்துப் பேருக்கு எட்டு வாரம் கால் தசைக்குப் பாரம் தூக்கும் பயிற்சி கொடுத்தார்கள். பயிற்சியை முடித்தவர்களின் கால் பலம் சராசரியாக இரண்டரை மடங்குக்கு மேல் ஆனது. தொண்ணூறிலும் தசை ‘சரி’ என்கிறது. ‘முடியாது’ என்பது பெரும்பாலும் நாம்தான்.

நினைப்புக்கு ஆயுள் உண்டா?

உண்டு என்கிறார்கள். அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தின் ஒரு சிறு நகரத்தில், ஐம்பது வயதுக்கு மேற்பட்ட 660 பேரிடம் முதுமையைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டுவைத்து, இருபது வருஷத்துக்கு மேல் அவர்களைக் கவனித்து வந்தார்கள். முடிவு 2002-ல் வெளிவந்தது. வயசாவதை நல்லவிதமாக எடுத்துக்கொண்டவர்கள் மற்றவர்களைவிட ஏழரை ஆண்டு கூடுதலாக வாழ்ந்தார்கள். “அப்படியானால் நினைத்தாலே போதுமா டாக்டர்?” என்று கேட்காதீர்கள். ‘எனக்கு இன்னும் நாள் இருக்கிறது’ என்று நம்புகிறவர்தான் மாத்திரையை மறக்காமல் போடுவார், செருப்பை மாட்டிக்கொண்டு நடக்கப் போவார். நினைப்பு காலில் இறங்க வேண்டும்.

இறங்கியவர்கள் நம் ஊரிலேயே இருந்தார்கள். கோயம்புத்தூர் நானம்மாளைத் தெரியாதவர் குறைவு. 1920-ல் பிறந்தவர். சிறுமியாக இருந்தபோது கற்ற யோகாசனத்தைத் தொண்ணூறு வயசுக்கு மேலும் செய்து காட்டி, மற்றவர்களுக்குச் சொல்லியும் கொடுத்தார். 2018-ல் பத்மஸ்ரீ. 2019 அக்டோபரில் காலமானபோது வயது 99. இன்னொருவர், மேட்டுப்பாளையம் பக்கம் தேக்கம்பட்டி பாப்பம்மாள். நூறைக் கடந்த பிறகும் தன் இயற்கை விவசாய நிலத்தில் வேலை பார்த்தவர். 2021-ல் பத்மஸ்ரீ பெற்றார், 2024 செப்டம்பரில் மறைந்தார். என்ன லேகியம் சாப்பிட்டார் என்று என்னிடம் ஒருவர் கேட்டார். காலையில் எழுந்தால் போவதற்கு அந்த அம்மாவுக்கு ஒரு தோட்டம் இருந்தது. அதைக் கேட்க யாருக்கும் தோன்றுவதில்லை!

ஔவைக்கு அதியமான் கொடுத்த நெல்லிக்கனியையும் இப்படித்தான் பேசுகிறோம். ஊர் ஊராக நடந்த அந்தக் கால்களை மறந்து விடுகிறோம்.

அன்றாடம் என்ன செய்யலாம்?

முதலில் ஒரு சின்னப் பரீட்சை. கைப்பிடி இல்லாத நாற்காலியைச் சுவரோரம் போட்டு, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, அரை நிமிடத்தில் எத்தனை முறை முழுசாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும். 65 முதல் 69 வயதுக்குள் ஆண்கள் 12, பெண்கள் 11-க்குக் கீழே போனால் கால் பலம் குறைவு என்று பொருள். பயப்பட வேண்டாம். அந்தப் பரீட்சையே பயிற்சியும்கூட. காலை ஐந்து முறை, மாலை ஐந்து முறை என்று தொடங்கி வாரா வாரம் ஒன்றிரண்டு கூட்டுங்கள். நெஞ்சு வலி, தலைசுற்றல் உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்கவும்.

சாப்பிட்டதும் சாயாதீர்கள். உண்டபின் சிறு நடை போடச் சொல்கிறார் தேரையர், தம் பிணி அணுகா விதியில். சாப்பாட்டுக்குப் பின் ஏறுகிற சர்க்கரை இந்தச் சிறு நடையால் கட்டுப்படுகிறது என்று இன்றைய மருத்துவமும் ஒப்புக்கொள்கிறது. பகல் தூக்கம் வேண்டாம் என்பதும் அவர் விதிதான். பகலில் இரண்டு மணி நேரம் தூங்கிவிட்டு, ராத்திரி தூக்கம் வரவில்லை என்று மாத்திரை கேட்டு என்னிடம் வருகிறவர்கள் கவனிக்கவும்.

அடக்கக் கூடாத வேகங்கள் பதினாலு என்று எங்கள் நூல்கள் சொல்கின்றன. அதில் சிறுநீரும் உண்டு, தாகமும் உண்டு. தறிக்காரர்கள் ‘இந்தக் கரை முடியட்டும்’ என்று சிறுநீரை அடக்குவார்கள். வீட்டுப் பெண்களோ ராத்திரி எழுந்திருக்க வேண்டுமே என்று தண்ணீரே குடிப்பதில்லை. வயசான பிறகு தாகம் சரியாகத் தெரியாது. ஆகவே தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்காமல், பகலிலேயே வெந்நீரோ, நீர்த்த மோரோ கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்து விடுங்கள். (சிறுநீரக, இருதய நோயாளிகள் தங்கள் டாக்டர் சொன்ன அளவைத் தாண்டக் கூடாது.)

இஞ்சி காலையில், சுக்கு பகலில், கடுக்காய் மாலையில் என்கிற காயகற்ப முறையைப் பலர் கேட்கிறார்கள். நல்ல முறைதான். இஞ்சித் தோலையும் கடுக்காய்க் கொட்டையையும் நீக்க வேண்டும். வயிற்றுப்புண் உள்ளவர்களும், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும் கேட்காமல் தொடவே கூடாது. ‘இளமை திரும்பும்’ என்று பெயர் ஊர் இல்லாமல் பொட்டலத்தில் விற்கிற பஸ்பங்கள், லேகியங்கள் பக்கம் போகாதீர்கள். சரியாகச் சுத்தி செய்யாத உலோகம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். சித்த வைத்தியன் நானே சொல்கிறேன், கேளுங்கள். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளையும் என்னை நம்பிக்கூட நிறுத்தாதீர்கள்.

எண்ணெய்க் குளியல் வாரம் இரண்டு நாள், உளுந்தங்களி, முருங்கைக்கீரை... இவை உங்களுக்கே தெரியும். குளியலறையில் எண்ணெய் சிந்திய தரையில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். அங்கே ஒரு கைப்பிடி பொருத்துங்கள். எந்தச் சூரணத்தையும்விட அது மலிவு.

சரி, நம் நெசவாளிக்கு வருவோம். கண் அறுவை முடிந்தது. ரத்தசோகைக்கு மருந்து, நாற்காலிப் பயிற்சி, மாலையில் ஆற்றங்கரை வரை நடை. மறுபடி முழு நாளும் குழித்தறியில் உட்கார நான் விடவில்லை, இடுப்பு தாங்காது. ஆனால் தெருவில் யார் தறியில் இழை அறுந்தாலும், ஜக்கார்டு பெட்டி மக்கர் செய்தாலும் இப்போது இவரைத்தான் கூப்பிடுகிறார்கள். “பெரியப்பா, கொஞ்சம் வந்து பாருங்களேன்” என்றால் போதும், டீ ஆறுவதற்குள் கிளம்பி விடுவாராம். முழங்கால் வலி முழுசாகப் போகவில்லை. மழை நாளில் இன்னும் முனகுகிறார்.

போன வாரம் நேராக நடந்து உள்ளே வந்தார். “முட்டி எப்படி இருக்கு?” என்றேன்.

“அது கெடக்குது டாக்டர். எங்க வீட்ல நாலு நாளா இருமிகினே இருக்கா. கேட்டா வயசாயிடுச்சுன்றா. அவளைக் கொஞ்சம் பாருங்க” என்றார்.