குடுவைச் செடிக்குத் தொட்டி மாற்றுமுன் தண்ணீரை அளந்து பாருங்கள்

அணுபுரத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கிழக்குக் கடற்கரைச் சாலையோர நர்சரியில் வாங்கிய குடுவைச் செடி, முதல் வருஷம் இலைக்கு ஒரு குடுவையாகத் தொங்கியதாம். இப்போது இலை மட்டும் வருகிறது, அதன் ஓரமும் கருகுகிறது. குடுவையோ கடுகளவு மொட்டாக இருக்கும்போதே காய்ந்துவிடுகிறது. “தொட்டி பற்றவில்லை என்று நினைக்கிறேன். பெரிய மண்தொட்டி வாங்கிவிட்டேன். செம்மண்ணோடு மண்புழு உரம் எவ்வளவு கலக்கலாம்?” என்று கேட்கிறார்.

செம்மண்ணும் வேண்டாம், மண்புழு உரமும் வேண்டாம். அந்த மண்தொட்டியில் கறிவேப்பிலை வையுங்கள். நெப்பந்தஸ் இனத்துச் செடிகள் சத்தில்லாத நிலத்தில் வளரப் பழகியவை. நைட்ரஜனைப் பூச்சியிடமிருந்து எடுத்துக்கொள்ளத்தான் குடுவையே. நாம் அன்போடு போடும் உரம் அதன் வேரைச் சுட்டுவிடும்.

இடம் பற்றாததால் இந்தச் செடி வாடுவது அபூர்வம். நம் கடற்கரைப் பக்கம் அநேகமாக உப்புதான் காரணம். உங்கள் தொட்டியின் விளிம்பை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். வெள்ளையாக மாவு போல உதிர்ந்தால் சந்தேகமே வேண்டாம். ஊற்றிய தண்ணீர் ஆவியாகிப் போக, அதிலிருந்த உப்பு மட்டும் மாதக்கணக்கில் அங்கேயே தங்கியிருக்கிறது. அந்த உப்பை வெளியேற்றத்தான் தொட்டி மாற்றுகிறோம். மாற்றிய பிறகும் அதே தண்ணீரை ஊற்றினால் அடுத்த வருஷம் இதே கடிதத்தை எழுதுவீர்கள்.

ஆகவே முதல் செலவு தொட்டிக்கு அல்ல, டி.டி.எஸ். மீட்டருக்கு. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது இந்தியத் தர நிர்ணயம். அது மனிதனுக்கு. குடுவைச் செடிக்கு 50-க்குள் இருக்க வேண்டும். 100 வரை சமாளிக்கும். நாக்குக்கு இனிக்கிற தண்ணீரெல்லாம் இதற்கு ஆகாது. நெம்மேலியில் 2013 முதல் கடல்நீரிலிருந்து நாளுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் எடுக்கும் ஆலை ஓடுகிறது. அப்படிச் சுத்திகரித்த நீரிலும் ஓரளவு உப்பு மிச்சமிருக்கவே செய்யும். போர் தண்ணீரைப் பற்றிப் பேச்சே வேண்டாம்.

வீட்டு ஆர்.ஓ. எந்திரத்தை அப்படியே நம்பிவிடாதீர்கள். ருசிக்காகத் தாது சேர்க்கும் குப்பியும், டி.டி.எஸ். அளவைக் கூட்டும் திருகும் பலவற்றில் உண்டு. குழாயிலிருந்து பிடித்து அளந்து பாருங்கள். கழிவாக வெளியேறும் நீரைச் செடிக்கு ஊற்றும் சிக்கனம் இங்கே கூடாது; உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. ஏசியிலிருந்து சொட்டும் நீர் பெரும்பாலும் உப்பில்லாமல் இருக்கும், அதையும் ஒருமுறை அளந்துவிடுங்கள். எல்லாவற்றையும்விட மேல், ஐப்பசி கார்த்திகை மழை. நம் மொட்டைமாடியில் கடற்காற்று கொண்டுவந்த உப்புத்தூசி படிந்திருக்கும் என்பதால் முதல் கால்மணி நேர மழையை ஓடவிட்டு, பிறகு டிரம்மில் பிடியுங்கள். மூடி வையுங்கள், கொசு வரும்.

அடுத்து கலவை. ஸ்பாக்னம் பாசி இரண்டு பங்கு, தேங்காய் மட்டைத் துண்டு ஒரு பங்கு, பெர்லைட் ஒரு பங்கு, கைப்பிடி அடுப்புக்கரித் துண்டு. பாசி விலை கூடுதல் என்று கோகோபீட் கட்டியை மட்டும் உடைத்துப் போடுகிறவர்கள் உண்டு. தென்னை மட்டையைப் பல இடங்களில் உப்பங்கழியில்தான் ஊறப்போடுகிறார்கள். அந்த உப்பு தூளோடு சேர்ந்தே வரும். மட்டைத் துண்டானாலும் தூளானாலும் இரவு முழுக்க ஆர்.ஓ. நீரில் ஊறவைத்து, பிழிந்து, பிழிந்த நீரில் மீட்டரை வையுங்கள். முதல் பிழிசலில் எண் எங்கேயோ போய் நிற்கும். ஊற்றிய நீரின் அளவுக்கு அது இறங்கும்வரை ஊறவைப்பதும் பிழிவதும்தான் வேலை. கடற்கரை மணல் எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம்.

தொட்டி பிளாஸ்டிக்காக இருக்கட்டும், இப்போது இருப்பதைவிட ஒரு சுற்று பெரியது போதும். மண்தொட்டியின் சுவர் வழியாக நீர் ஆவியாகி, உப்பு சுவரிலேயே தங்கும். வேர் அதைத்தான் போய் ஒட்டும். அடியில் துளைகள் தாராளமாக இருக்க வேண்டும். தட்டில் தண்ணீர் தேக்கி வைப்பது வேறு சில பூச்சியுண்ணிகளுக்குச் சரி, இதற்குச் சரியல்ல.

மாற்றும் நாளைக்கு முதல்நாள் நன்றாக நீர் ஊற்றுங்கள். திரவம் உள்ள குடுவைகளின் வாயில் கொஞ்சம் பஞ்சு அடைத்துவிடுங்கள். அது வெறும் தண்ணீரல்ல, பூச்சியைச் செரிக்கும் நொதி அதில் இருக்கிறது. தப்பித்தவறிக் கொட்டிவிட்டால் குடுவையில் கால்பங்கு மழைநீர் ஊற்றலாம். தொட்டியின் பக்கங்களைப் பிசைந்து, தலைகீழாகச் சாய்த்து, தண்டின் அடியைப் பிடித்து வெளியே எடுங்கள்.

இங்கேதான் பலரும் பதறுகிறார்கள். வேர் கறுப்பாக, மெலிசாக, கொஞ்சமாகத்தான் இருக்கும். அழுகிவிட்டது என்று கத்தரியைத் தூக்காதீர்கள். நெப்பந்தஸ் வேரின் நிறமே அதுதான். இரண்டு விரலால் மெல்ல அழுத்துங்கள். கெட்டியாக இருந்தால் உயிருள்ள வேர். தோல் கொழகொழவென்று உருவிக்கொண்டு வந்து நடுவில் நூல் மட்டும் நின்றால்தான் அழுகல், அதை மட்டும் வெட்டுங்கள். பழைய கலவையை விரலால் பிய்க்காமல், வாளியில் மழைநீர் நிரப்பி வேர்ப்பகுதியை முக்கி அசைத்தால் தானே உதிரும். ஒட்டியிருப்பதை விட்டுவிடுங்கள். வேர் சட்டென்று முறியும், திரும்ப வளர நாளாகும். முன்பிருந்த அதே ஆழத்தில் வைத்து, கலவையைத் தளர்வாக நிரப்பி, கட்டைவிரலால் அமுக்காமல் நீர் ஊற்றுங்கள். அடியில் வழியும் நீரையும் ஒருமுறை அளந்து பாருங்கள்.

எப்போது செய்வது? அக்கினி நட்சத்திரத்தில் கூடாது. ஆவணியிலிருந்து ஐப்பசி முதல் மழை வரை நம் பகுதிக்குத் தோதான காலம். காற்றில் ஈரம் ஏறிக்கொண்டே போவதால், அடிபட்ட வேர் தண்ணீர் இழுக்கத் திணறினாலும் இலை தாங்கும். இரண்டு மூன்று வாரம் நேரடி வெயிலும் நேரடிக் கடற்காற்றும் படாத இடத்தில் தொங்கவிடுங்கள். பிறகு காலை வெயில் போதும். இலையில் பிசுபிசுப்பு தெரிந்தால் ஆர்.ஓ. நீர் நனைத்த துணியால் துடையுங்கள்.

இருக்கிற குடுவைகள் சில காயும், கவலைப்படாதீர்கள். புதுக் குடுவைக்கு இரண்டு மூன்று மாதம்கூட ஆகலாம். அதுவரை உரமும் கொடுக்காதீர்கள், குடுவைக்குள் கோழித்துண்டும் போடாதீர்கள். நம் வீட்டு எறும்புகளே அதற்குத் தாராளம். கொடி நீண்டுவிட்டிருந்தால் மட்டும் நுனியை இரண்டு மூன்று கணுவோடு வெட்டி ஈரப் பாசியில் நட்டு வையுங்கள், வேர்விட வாய்ப்புண்டு.

இன்னொரு செடி வாங்குவதானால் சமவெளி வெப்பத்தைத் தாங்கும் கலப்பினங்களைக் கேளுங்கள். மேகாலயத்தின் நெப்பந்தஸ் காசியானாவைக் காட்டிலிருந்து பிடுங்கி விற்பவர்களிடம் வாங்காதீர்கள். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ள செடி அது.

மகன் வீனஸ் ஃபிளைடிராப் கேட்கிறான், ஏசி அறையில் வைக்கலாமா என்றும் எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம். அது அமெரிக்காவின் வட, தென் கரோலினா ஈரநிலத்துச் செடி. வருஷத்தில் மூன்று மாதமாவது நல்ல குளிரில் உறங்கினால்தான் தேறும். ஏசிக் குளிர் அதற்குக் காணாது. இங்கே மெல்ல மெல்ல இளைத்துப் போகும். அவனுக்கு டுரோசெரா பர்மானி விதை வாங்கிக் கொடுங்கள். நம் ஊர்ச் சமவெளியின் ஈரமணலிலேயே வளரும் பூண்டு, ஒரு ரூபாய்க் காசைவிடக் கொஞ்சம் பெரிதாகத் தரையோடு படர்ந்திருக்கும். விதையை மூடாமல் பாசியின் மேல் தூவி, தட்டில் மழைநீர் நிற்க வைத்து, நல்ல வெளிச்சத்தில் விடச் சொல்லுங்கள். கொசு ஒட்டியதும் அதன் ஓர முடிகள் சில நொடிகளில் வளைவதை அவன் உட்கார்ந்தே பார்க்கலாம்.