வேனுக்குப் பட்டை சேர்க்கும் முன்

கேரள அரசு 2021-இல் காரவன் சுற்றுலாத் திட்டத்தை அறிவித்த பிறகு, கட்டிலும் அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் உள்ள வண்டியில் ஊருக்குப் போய்வரும் ஆசை நம் சங்கக் குடும்பங்களிலும் தொற்றிக்கொண்டிருக்கிறது. மட்டாஞ்சேரியிலிருந்து வாளையார் வழியே கோவை செல்பவர்களுக்குக் கவலை குறைவு. குமுளி மலை இறங்கிக் கம்பம், தேனி போகிறவர்கள்தான் பின்பக்கம் அமுங்குகிறது, வளைவில் சாய்கிறது என்று சொல்கிறார்கள். இன்னொரு பட்டை போட்டால் சரியாகிவிடும் என்பது பட்டறையில் கிடைக்கும் முதல் யோசனை. எப்போது அது சரி, வீட்டிலுள்ள கருவிகளைக் கொண்டு எப்படிச் செய்வது என்பதைக் காண்போம்.

மீன் நிறுக்கும் ஸ்பிரிங் தராசைக் கவனியுங்கள். எடை இரட்டித்தால் முள் இறங்கும் தூரமும் இரட்டிக்கும். 17-ஆம் நூற்றாண்டில் ராபர்ட் ஹூக் கண்ட விதி இது. வண்டியின் எடைக்கு ஸ்பிரிங் 25 செ.மீ. அமுங்கி நின்றால் வண்டி விநாடிக்கு ஒரு முறை ஆடும், 6 செ.மீ. மட்டுமே அமுங்கினால் இரண்டு முறை. ஒன்று முதல் ஒன்றரை வரை உடம்புக்கு இதம். அதற்கு மேல் போனால் பாட்டியின் இடுப்பு சொல்லிவிடும். பட்டையின் விறைப்போ அதன் கனத்தின் மூன்றாம் படியாக ஏறுவது. 8 மி.மீ. பட்டைக்குப் பதில் 10 மி.மீ. பட்டை என்றால் விறைப்பு ஏறக்குறைய இரட்டிப்பு. ஆகவே 'கொஞ்சம் கனமாகப் போடுங்கள்' என்று சொல்லாதீர்கள்.

முதல் வேலை எடைமேடைக்குப் போவது. தொட்டி நிறைய நீர், சிலிண்டர், பெட்டி, ஆட்கள் எல்லாம் ஏறிய நிலையில் பின் அச்சைத் தனியாகவும் முழு வண்டியையும் நிறுங்கள். 100 லிட்டர் நீர் 100 கிலோ. பதிவுச் சான்றில் உள்ள மொத்த எடையைத் தாண்டியிருந்தால் சாமானைக் குறைப்பது தவிர வேறு வழியில்லை. பட்டை சேர்த்தாலும் டயரும் பிரேக்கும் பழையவைதானே! மேலும், 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. கட்டில், அடுப்பு பொருத்துவது முதல் எதுவானாலும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிட்டே தொடங்குங்கள்.

எடை சரியாக இருந்தும் வண்டி ஆடுகிறதா? பின் மூலையை அழுத்தி விடுங்கள். ஒன்றரை ஆட்டத்தில் நிற்காவிட்டால் குற்றம் ஷாக் அப்சார்பரில். எண்ணெய் கசிந்த அடையாளமும் தெரியும். நம் காயலோரத்து உப்புக் காற்றில் பட்டைகளுக்கு இடையே துரு ஏறி இறுகுவதும், ரப்பர் புஷ் தேய்வதும் சாதாரணம். பாதி வண்டிகளுக்குப் புது ஷாக்கும் புஷ்ஷுமே போதும் என்பது என் கணிப்பு.

இனி வேலை. சமதளத்தில் முன்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, சக்கர நட்டுகளைத் தரையிலேயே சற்றுத் தளர்த்தி, பிறகு தூக்குங்கள். சேஸிஸ் இரும்பு ஸ்டாண்டில் அமரவேண்டும். அச்சை வேறொரு ஜாக்கி தாங்கவேண்டும். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் புகாதீர்கள். துருப்பிடித்த நட்டுக்கு முந்திய இரவே எண்ணெய் விடுங்கள். ஷாக்கை மாற்ற இரண்டு ஸ்பானர் போதும். புஷ் போல்ட்டுகளை மட்டும் வண்டி தன் சக்கரத்தில் நின்ற பிறகே முழுதாக முறுக்கவேண்டும். இல்லையேல் ரப்பர் முறுகிக் கிழியும்.

பட்டை சேர்ப்பதானால், சென்டர் போல்ட்டைக் கழற்றுமுன் பட்டைக்கட்டின் இரு பக்கமும் ஜி கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். வளைந்து அடங்கியிருக்கும் பட்டை விடுபட்டால் விரல் போகும். பட்டையில் வெல்டு வைப்பதும் துளையிடுவதும் கூடாது. வெல்டுச் சூட்டில் எஃகின் பதம் கெடும். துளையிலிருந்து விரிசல் தொடங்கும். இரு பக்கமும் ஒரே அளவுப் பட்டை வேண்டும். ஐ.சி.எஃப். பெட்டிகளின் சுருள் ஸ்பிரிங்குகளைச் சுமையேற்றி உயரம் அளந்து, பிரித்து, ஒரு போகிக்கு ஒரே பிரிவாகத்தான் போடுவோம்.

யூ போல்ட்டுகள் புதியவையாகவே இருக்கட்டும். குறுக்குக் குறுக்காக, சிறிது சிறிதாக முறுக்குங்கள். டார்க் ஸ்பானர் இல்லையென்றால் அதே தராசு உதவும்: இரண்டடி ஸ்பானரின் நுனியைத் தராசால் நேர்குத்தாக 20 கிலோ காட்டும்வரை இழுத்தால் ஏறக்குறைய 12 கிலோ-மீட்டர். உங்கள் வண்டிக்குரிய அளவைக் கையேட்டில் பாருங்கள்.

பட்டறையில் பலர் மறப்பது ஒன்றுண்டு. பல வேன்களில் பின் அச்சோடு ஒரு கம்பியால் இணைந்த பிரேக் வால்வு இருக்கும். பின்பக்கம் தாழ்ந்தால் சுமை அதிகம் என்று கொண்டு பின் பிரேக்குக்கு அழுத்தம் கூட்டும். பட்டை சேர்த்து வண்டியை உயர்த்தினால், நிறைந்த வண்டியையும் காலி வண்டி என்று கருதி அழுத்தத்தைக் குறைத்துவிடும். குமுளி இறக்கத்தில் இது விபரீதம். அந்த வால்வைத் தயாரிப்பாளரின் சர்வீஸ் நிலையத்தில் சரிபார்த்துக்கொண்ட பிறகே குடும்பத்தை ஏற்றுங்கள். முகவிளக்கின் உயரத்தையும் அப்படியே திருத்திக்கொள்ளலாம்.

500 கி.மீ. ஓடியபின் யூ போல்ட்டுகளை மறுபடி முறுக்கி, நட்டிலும் போல்ட்டிலும் சேர்த்து ஒரு வெள்ளைப் பெயின்ட் கோடு இழுத்துவிடுங்கள். கோடு விலகியிருந்தால் நட்டு தளர்ந்திருக்கிறது என்பது குனிந்து பார்த்தாலே தெரிந்துவிடும்.