தாயைக் காட்டச் சொல்லுங்கள்

சால்ட் லேக்கில் மாலை வேளை பூங்காவைச் சுற்றி வரும்போது, எங்கள் மீனுவைப் பார்த்து, "என்ன விலை கொடுத்தீர்கள்?" என்று கேட்காத நம்மவர்கள் குறைவு. மீனு லாப்ரடார் இனம். குட்டி வியாபாரி ஒருவர் இனி உதவாது என்று கழித்துவிட்ட தாய் நாய். அதை மீட்டவர்கள் ஆறு வயதில் எங்களிடம் ஒப்படைத்தார்கள்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் மகளின் பிறந்தநாளுக்கு ஒரு குட்டியை விலைக்கு வாங்கினேன். ஒரே வாரத்தில் பார்வோ நோயில் இறந்தது. அதன் தாய் எங்கே என்று அன்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

விற்பனைக்காகவே நாய்களைக் கூண்டில் அடைத்து, பருவம் வரும்போதெல்லாம் ஈன வைக்கும் இடங்களை 'பப்பி மில்' என்கிறார்கள். பெண் நாய்க்கு ஆண்டில் சுமார் இரண்டு முறை பருவம் வரும். ஓய்வின்றி ஈன்றால் உடல் தேய்ந்துபோகும்.

சட்டம் இல்லாமல் இல்லை. ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் தொடங்கிய முயற்சியின் பயனாக 1960-இல் மிருகவதைத் தடுப்புச் சட்டம் வந்தது. அதன்கீழ் 2017-இல் நாய் வளர்ப்போருக்கு விதிகள் வகுக்கப்பட்டன. மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு வேண்டும். 18 மாதம் நிறையாத நாயையோ, 8 வயது கடந்ததையோ ஈன வைக்கக் கூடாது. ஆயுளில் 5 ஈற்றுக்கு மேல் கூடாது. 8 வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது.

இத்தகைய நாயை வளர்க்க முன்வருவோருக்கு, நாங்கள் கற்ற பாடங்கள்:

1. அவசரம் ஆகாது. கூண்டிலேயே வாழ்ந்த நாய்க்குப் படியும் புதிது, புல்லும் புதிது. மீனு பத்து நாள் சாப்பாட்டு மேஜைக்கு அடியிலேயே கிடந்தது. நாங்கள் கையை நீட்டாமல் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்தோம். பதினோராம் நாள் அதுவாகவே வந்து என் காலை முகர்ந்தது.

2. முதல் வாரமே மருத்துவரிடம் காட்டுங்கள். கருப்பையில் சீழ், மடியில் கட்டி, சொத்தைப் பல் ஆகியவை இருக்கக்கூடும். தடுப்பூசியும் கருத்தடை அறுவையும் அவசியம்.

3. பயந்த நாய் கழுத்துப்பட்டையை உருவிக்கொண்டு ஓடிவிடும். மார்போடு சேர்த்துக் கட்டும் ஹார்னஸ் வாங்குங்கள். காளி பூஜையன்று வெடிச்சத்தம் தொடங்கும் முன்பே வெளியே அழைத்துப் போய் வந்துவிடுங்கள்.

4. வீட்டுக்குள் சிறுநீர் கழித்தால் அடிக்காதீர்கள். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும் வெளியே அழைத்துச் சென்றால் தானே பழகும்.

5. தயிர்சாதம் மட்டும் போதாது. நாங்கள் சைவம்தான்; மீனுவுக்கு முட்டை உண்டு.

குட்டிதான் வேண்டும் என்பவர்கள், பதிவுச் சான்றையும் தாய் நாயையும் காட்டச் சொல்லுங்கள். தயங்கினால் வாங்காமல் திரும்பிவிடுங்கள்.

மீனுவைப் பார்க்கக் குழந்தைகளோடு வாருங்கள். அவர்கள் தரையில் உட்கார்ந்தால் போதும், அதுவே வரும்.