அம்மன் அனுப்பும் அழைப்பு

உடுமலைப்பேட்டை மாரியம்மன் கோயில் தேர்த்திருவிழா, நோன்பு சாட்டுதலுடன் தொடங்குகிறது. 'சாற்றுதல்' என்றால் பலரும் அறியச் சொல்வது. பேச்சு வழக்கில் அது 'சாட்டுதல்'.

அழைப்பிதழ் அச்சடிக்காத காலத்தில், திருவிழாச் செய்தியை ஊருக்குக் கொண்டு சேர்த்தது பறை முழக்கம்தான். அது இன்னார் வீடு என்று பார்த்து ஒலிப்பதில்லை.

கேட்டதோடு கடமை முடிந்துவிடாது. சாட்டு கேட்டவர்கள் திருவிழா முடியும்வரை வெளியூரில் இரவு தங்குவதில்லை. வீட்டில் திருமணம் நடத்துவதில்லை. கொங்கு நாட்டின் பல ஊர்களில் இதுவே வழக்கம். கோயிலில் கம்பம் நட்டதும் பெண்கள் தினமும் அதற்கு மஞ்சள் நீர் ஊற்றி வழிபடுவார்கள்.

வெளியூரில் வாழ்க்கைப்பட்ட மகளுக்குத் தேர் நாளைச் சொல்லி அழைப்பது தாயின் பொறுப்பு. மனஸ்தாபத்தால் பேச்சு நின்றுபோன நாத்தனாரோ ஓரகத்தியோ இருந்தால், அவர்களையும் அழையுங்கள். இன்னொருவரிடம் சொல்லி அனுப்பாமல், நீங்களே சொல்லுங்கள். அம்மன் யாரையும் விட்டுவிட்டு அழைப்பதில்லையே!