நிழலில் விரியும் பச்சைப் பாய்: வல்லாரை வளர்ப்போம்



நம்ம வீட்டைச் சுற்றிக் கத்தரியும் வெண்டையும் போட இடம் இருக்கும். ஆனால் தென்னை மரத்தடியும் கிணற்றடி ஓரமும் சும்மாவே கிடக்கும். “அங்கே நிழல்தான், ஒண்ணும் வராது” என்று விட்டுவிடுகிறோம். அந்த இடத்தில் நன்றாக வரும் கீரை ஒன்று உண்டு. அதுதான் வல்லாரை.

வல்லாரை தரையோடு படர்ந்து, கணுவுக்குக் கணு வேர் விடும். நெருக்கமாகப் படர்ந்துவிட்டால் களை குறையும், மண்ணின் ஈரம் சீக்கிரம் காயாது, மழைத் தண்ணீர் மேல்மண்ணை அரித்துக்கொண்டு போகாது. மண்ணுக்குப் போர்வை, நமக்குத் துவையல்!

எந்த இடம் ஏற்றது?

பாதி வெயில், பாதி நிழல் விழும் ஈரமான இடம் நல்லது. அடர்ந்த புளிய மரத்தடி போன்ற இருட்டான இடம் வேண்டாம். சாக்கடை ஓரம், தொழிற்சாலைக் கழிவு கலக்கும் வாய்க்கால் ஓரம் கூடவே கூடாது. மண்ணில் உள்ள ஈயம் போன்ற நச்சு உலோகங்களை இந்தச் செடி இலைக்கு இழுத்துக்கொள்ளும். எவ்வளவு கழுவினாலும் அது போகாது. சோப்புத் தண்ணீரும் வேண்டாம். அரிசி, காய்கறி கழுவிய தண்ணீர் விடலாம்.

நடும் முறை

விதை தேட வேண்டாம். நன்றாக வளர்ந்த கொடியில், வேர் விட்ட கணுவோடு துண்டு எடுத்தால் போதும். 3 அடி அகலம், 6 அடி நீளத்தில் பாத்தி கட்டி, நன்றாக மக்கிய தொழுவுரம் கலக்கவும். பச்சைச் சாணம் போடாதீர்கள். ஓர் அடிக்கு ஒரு துண்டு வீதம் 18 துண்டுகள் நடலாம். மழைக் காலத் தொடக்கத்தில் நட்டால் சுலபமாக வேர் பிடிக்கும். மண் காயாமல் தண்ணீர் விட வேண்டும். அதே சமயம், தண்ணீர் நாள் கணக்கில் தேங்கி நாறவும் கூடாது.

சுமார் 3 மாதத்தில் பறிக்கலாம். வளர்ந்த இலையைக் காம்போடு கிள்ளுங்கள். கொடியையும் இளந்தளிரையும் விட்டுவிட்டால் மறுபடி தழைக்கும். பாத்தியைத் தாண்டி ஓடும் கொடியை வெட்டிப் பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கொடுங்கள்.

அடையாளம் தெரிந்து பறிப்போம்

வல்லாரை இலை சிறுநீரக வடிவில், ஓரம் பல் பல்லாக, நீளக் காம்போடு இருக்கும். பூ மிகச் சிறியது, தரையோடு ஒட்டியிருக்கும். மஞ்சளாகப் புனல் போல் பூத்தால் அது வல்லாரை இல்லை. நீர்ப்பிரமியும் வேறு செடிதான். அதன் இலை சின்னதாக, தடிப்பாக இருக்கும். சந்தேகம் இருந்தால் பறிக்காதீர்கள்.

சாப்பிடும் முன்

இரண்டு கைப்பிடி இலையை நன்றாக அலசி எண்ணெயில் வதக்குங்கள். வறுத்த உளுந்து, மிளகாய், தேங்காய், புளி, உப்பு சேர்த்து அரைத்தால் துவையல் ரெடி. புளி சேர்ப்பதால் கசப்பு தெரியாது. இலங்கையிலும் இதைப் பொடியாக நறுக்கித் தேங்காய்ப்பூ சேர்த்துச் சம்பல் செய்கிறார்கள்.

ஞாபக சக்தி கூடும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அதுக்காக வல்லாரை தின்றாலே பிள்ளை பாஸாகிவிடாது, படிக்கவும் வேண்டும்! கர்ப்பிணிகள், கல்லீரல் நோய் உள்ளவர்கள், தினமும் மாத்திரை சாப்பிடுபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் வல்லாரைச் சாறோ பொடியோ சாப்பிடக் கூடாது.

விற்பனையில் கவனம்

ஒரு முறை வியாபாரி ஒருவர் வந்தார். “நாற்று நான் தர்றேன், காய்ந்த இலையை நானே வாங்கிக்கிறேன், ஒரு ஏக்கர் போடுங்க” என்றார். நம் குழுவில் இருவர் கடன் கேட்கவே வந்துவிட்டார்கள். நாங்கள் மூன்று கேள்வி கேட்டோம். என்ன விலைக்கு எடுப்பீர்கள்? இலை எந்தப் பதத்தில் இருக்க வேண்டும்? எடுக்காவிட்டால் நஷ்டம் யாருக்கு? எழுதித் தாருங்கள் என்றோம். அவர் திரும்ப வரவே இல்லை. நம் சேமிப்புப் பணம் பிழைத்தது.

ஆகவே ஒரு பாத்தியில் தொடங்குவோம். அதற்குக் கடன் தேவையில்லை. முதலில் வீட்டுக்கு, மிச்சத்தைக் கட்டுக் கட்டிச் சந்தைக்கு. வாங்குபவர் உறுதியான பிறகு பரப்பைக் கூட்டுவோம்.

குழுக் கூட்டத்தில் பேசுவோம்

1. நம் வீட்டில் சும்மா கிடக்கும் நிழல் இடம் எது? அங்கே வரும் தண்ணீர் சுத்தமானதா?
2. நம் ஊரில் யாரிடம் வல்லாரைக் கொடி இருக்கிறது?
3. “நாங்களே வாங்கிக்கொள்கிறோம்” என்று யாராவது வந்தால், கையெழுத்துப் போடும் முன் என்னென்ன கேட்போம்?

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஆளுக்கு நாலு கணு கொண்டு வாருங்கள். பகிர்ந்து நடுவோம்.