வீட்டில் கார் சார்ஜ் போடுகிறீர்களா?

மின்சாரக் காரின் சார்ஜர் 15 ஆம்பியர் சாக்கெட்டிலிருந்து மணிக்கணக்கில் இடைவிடாமல் மின்சாரம் இழுக்கும். மிக்ஸி போல ஐந்து நிமிட வேலை அல்ல. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டவே வேண்டாம். மெயின் போர்டிலிருந்து 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் தனி லைன் இழுத்து, எம்சிபியும் (மிகைமின்னோட்டத்தில் துண்டிக்கும் சுவிட்ச்) 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியும் (மின்கசிவில் துண்டிக்கும் சுவிட்ச்) போடச் சொல்லுங்கள். எர்த்தையும் எலெக்ட்ரீஷியன் அளந்து பார்க்கட்டும்; சில பழைய வீடுகளில் சாக்கெட்டின் மூன்றாவது துளையான எர்த்தில் கம்பியே இணைத்திருக்க மாட்டார்கள், அதுதான் எனக்குப் பெரிய பயம். முதல் நாள், ஒரு மணி நேரம் கழித்து சுவிட்சை அணைத்துவிட்டு பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை. கை வைக்க முடியாமல் சுட்டாலோ, கருகல் வாடை வந்தாலோ சாக்கெட்டை மாற்றும்வரை சார்ஜ் போடாதீர்கள். சாரல் அடிக்கும் சுவரில் சாக்கெட் வேண்டாம்.